மருத மரத்துப் பலகையில் அந்த இருவர் பெயரும் இருக்கட்டும்

பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். பலகைகளில் தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் இடம்பெறுவது மகிழ்ச்சியே. ஆனால் அறிவியல் பெயரை அடுத்து வரவேண்டிய, பெயரிட்டவர்களின் பெயர்ச் சுருக்கம், இடம் போதவில்லை என்றோ மக்களுக்குப் புரியாது என்றோ பல இடங்களில் விடுபடுகிறது. அதைத் திரும்பச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

மருத மரத்தையே எடுத்துக்கொள்வோம். டெர்மினாலியா அர்ஜுனா என்பதன் பின்னே, முதலில் பெயரிட்ட ராக்ஸ்பரோ முதலியோரை அடைப்புக்குறிக்குள் காட்டிவிட்டு, ‘வைட் & ஆர்ன்.’ என்று முடிப்பதே முறை. ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்துச் செடிகொடிகளைத் திரட்டியவர். ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட், சட்டம் படித்துவிட்டுத் தாவரவியலுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. 1831இல் விடுப்பில் ஊர் திரும்பிய வைட்டுடன் ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்தாவரங்கள் கப்பலேறின. மரத்தை நின்ற இடத்தில் பார்த்தவரும், அதுவரை எழுதப்பட்டவற்றைக் கரைத்துக் குடித்தவரும் சேர்ந்து உழைத்ததில், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய அவர்களது நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. ராக்ஸ்பரோ வேறொரு பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் வேறொரு கூட்டத்தில், சேர்த்திருந்த மருதை, ஐந்து சிறகுள்ள அந்தக் காயோடு டெர்மினாலியாவுக்குள் கொண்டுவந்தது அந்தத் தொகுதிதான். அதே ஆண்டில் வைட் இந்தியா திரும்பினார். இரண்டாம் தொகுதி வரவேயில்லை. நேரில் நடந்த வேலையைக் கப்பல் தபாலில் தொடர்வது எளிதாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

நம் காடுகளில் முள்ளோடு நிற்கும் விடத்தலையின் அறிவியல் பெயரும் இவ்விருவரின் பெயரோடுதான் முடிகிறது.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. வைட்டின் பிற்கால நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. பலகையில் இவர்களுக்கு இடமிராது. ஆனால் நீங்கள் ஒட்டும் கியூஆர் குறியீட்டைத் தட்டினால் திறக்கும் பக்கத்தில் இடத்துக்கா பஞ்சம்?

பலகையைப் புதுப்பிக்கும்போது முதலில் மருதையும் விடத்தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி மட்டும் அடிக்க வேண்டாம். மரம் பருக்கப் பருக்க நெகிழ்ந்து கொடுக்கும் சுருள்கம்பியே போதும்.

இப்படிக்கு,
பலகைகளை நின்று படிக்கும் ஒருவர்