படலைக் கமரா

அன்பின் மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டது. மூன்று மாதம் எழுதாமல் விட்டது என் பிழை. இரவானால் நின்று நின்று போகும் படலைக் கமராவின் வருத்தம் என்னவென்று தெரியாமல் உனக்கு எழுதக் கை வரவில்லை. போன கிழமைதான் பிடிபட்டது.

யாரும் அதை நிற்பாட்டவில்லை மச்சான். வயர்தான் காரணம்.

பகல் முழுக்க ஒழுங்கை தெளிவாகத் தெரியும். பொழுதுபட்டதும் படம் போகும், வரும், போகும். ஆரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நீ சொல்ல, அம்மா நித்திரையில்லாமல் கிடந்தார். கமராதான் பழுது என்று கடையில் கொடுத்தேன். அங்கே மேசையில் விடியவிடிய ஓடியது. திரும்பப் பூட்டினால் அதே கதை. கமராவைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீற்றர் பிடித்தால் 12 வோல்ட் அப்படியே இருந்தது. அதை நம்பி இரண்டு கிழமை வீணாய்ப் போனது.

பிறகு கமராவைப் பூட்டியபடியே அளந்தேன். மத்தியானம் 10.5. இருட்டென்று அது நினைக்கட்டும் என்று ஒரு துவாயால் கமராவின் கண்ணாடியை மூடினேன். ‘டிக்’ என்றது, இரவு விளக்குகள் எரிந்தன, மீற்றர் 8 சொச்சத்துக்கு விழுந்தது. கமரா நின்று, எழும்பி, மறுபடி நின்றது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது!

விறாந்தையிலிருந்து படலைக்கு 60 மீற்றர். கேபிளின் தடை, போக வர, ஏழரை ஓம். பகலில் கமரா இழுப்பது 0.2 அம்பியர், இரவில் அரை அம்பியர். பெருக்கிப் பார், கிட்டத்தட்ட 4 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. கமராவைக் கழற்றினால் மின்னோட்டமும் இல்லை, இழப்பும் இல்லை, அதுதான் அந்த 12. ரியூசனில் பின் வாங்கிலிருந்து என் கொப்பியைப் பார்த்து நீ எழுதின அதே ஓமின் விதி.

வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம், தடை செம்பைப்போல ஒன்றரை மடங்கு. முழுச் செம்பு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது நல்ல செம்புக் கேபிள் இழுத்து, படம் வரும் கேபிளிலேயே வீட்டிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.ஈ. பெட்டி வைத்தாயிற்று. படலையடியில் அதை 12 ஆக இறக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மழை படாமல் பூட்டியிருக்கிறேன். 48 இல் போனால் அதே வேலைக்கு 0.1 அம்பியர் சொச்சம் காணும், வயரில் தொலைவது அரை வோல்ட் சொச்சம்தான். மூன்று இரவாகப் படம் ஒருக்காலும் போகவில்லை. அம்மாவும் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். உனக்குப் பினாட்டு எடுத்து வைத்திருக்கிறார், வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

பக்கத்து வளவுப் பொடியனை நீ போனில் பேசின பேச்சு என் நெஞ்சிலேயே கிடக்கிறது. கேபிள் இழுத்த அன்று நான் கூப்பிடாமலே வந்து ஏணி பிடித்தது அவன்தான். என்னிடம் சொல்லி அனுப்பாதே, அவனுக்கு நீயே போன் எடு. எங்களுக்குப் பொழுதுபடும் நேரம் உனக்குக் காலைதானே, வேலைக்கு வெளிக்கிடமுதல் எடு.

அன்புடன்,
உன் மச்சான்