திறந்த பாடநூல்களும் எமது பல்கலைக்கழக மாணவர்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவர்களே,

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்றுள்ள பிள்ளைகளின் நலனுக்காக இயங்கும் எமது சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் வழமைபோல நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆண்டு முழுவதும் செயற்குழு கூடுதலாக ஆராய்ந்த பாடநூல் செலவு பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் விரிவுரையாளர் பரிந்துரைக்கும் நூல்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பதிப்புகள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் இரு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியதன் பின்னர், அவற்றை விலைக்கு வாங்குவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களால் நினைத்தும் பார்க்க முடியாததாயிற்று. மஹாபொல உதவித்தொகை உணவுக்கும் போக்குவரத்துக்குமே போதாத நிலையில், போட்டோப் பிரதியே மாணவர்களின் புகலிடமாக இருந்து வருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்றலுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதித்தாலும், நூலொன்றை முழுமையாகப் போட்டோப் பிரதி எடுப்பதற்கு அது இடமளிப்பதில்லை. ஆகவே, சட்டத்துக்கு அமைவாகவும் செலவின்றியும் பெறக்கூடிய நூல்களைத் தேடித் தருவதே சங்கத்தின் கடமையெனச் செயற்குழு முடிவு செய்தது.

இதற்கான வழி ஏற்கெனவே உலகளவில் திறந்திருக்கிறது. எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறந்த கல்வி வளங்கள் குறித்த பரிந்துரையை யுனெஸ்கோ 2019 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், புள்ளிவிபரவியல், பொருளியல் ஆகிய பாடங்களின் முதலாம் ஆண்டு நூல்களை முழுமையாக இலவசமாக வழங்குகிறது. சிக்னல் கிடைக்காத தோட்ட லயன் குடியிருப்புகளில் வாழும் மாணவர்கள் இணையத்தை நம்பியிருக்க முடியாது என்பதால், ஹட்டனில் ஒருமுறை பதிவிறக்கிய பீ.டி.எப். கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தோம். டேட்டா செலவும் இதனால் குறைந்தது.

இலவசமாக வாசிக்கக் கிடைப்பதும், மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்துடன் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அங்கத்தவர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும். எமது பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்று, மருத்துவமோ பொறியியலோ விஞ்ஞானமோ பயிலச் சென்றதும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். பாடம் விளங்காததால் அல்ல, பாடத்தின் மொழி விளங்காததாலேயே முதலாம் ஆண்டில் பின்தங்குபவர்கள் பலர். அவர்களுக்கு வேண்டியது நூல் மட்டுமன்று. அந்நூலைத் தமிழில் விளக்கி, சுருக்கி, மாற்றி எழுதிப் பகிர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டும். தம் ஆக்கத்தைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாமெனப் படைப்பாளர் முன்கூட்டியே அறிவிக்க உதவும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் ஆறு வகைப்படும். மூல ஆசிரியரைக் குறிப்பிட்டால் போதுமென்னும் உரிமத்தின் கீழ் வந்த நூலை நாம் மொழிபெயர்த்து வெளியிடலாம். மாற்றங்களை அனுமதிக்காத உரிமத்தின் கீழ் மொழிபெயர்ப்பைப் பகிர இயலாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் நூல்களுக்குள்ளேயே உரிமம் வேறுபடுகிறது. அதன் நுண்கணித நூல்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் நிபந்தனையைக் கொண்டவை. எனவே ஒவ்வொரு நூலின் உரிமப் பக்கத்தையும் வாசித்த பின்னரே அதனை எமது தொகுப்பில் சேர்த்தோம்.

அந்த நிபந்தனை தொடர்பில், கடையில் பணம் கொடுத்துப் பிரதி எடுப்பது வணிகமாகாதா என்று ஓர் உறுப்பினர் எழுப்பிய நியாயமான கேள்விக்கும் பதில் தேடினோம். இலாபநோக்கற்ற பயனாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கடை பிரதி எடுத்துக் கொடுப்பதால் உரிமம் மீறப்படுவதில்லை என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2018இல் தீர்ப்பளித்துள்ளது. அது எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிடினும், உரிமத்தின் பொருளைத் தெளிவாக்குகிறது.

கலைப்பீட மாணவர்களுக்கு இவ்வாண்டு நாம் செய்தது குறைவே. வெளிநாட்டுத் திறந்த நூல்கள் இலங்கையின் வரலாற்றையோ சட்டத்தையோ மலையக மக்களின் வாழ்வையோ பேசுவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைப்பது பெரும் ஆறுதல். ஆயினும் அவற்றுள் பலவற்றின் பதிப்புரிமை ஆசிரியர்களிடமே உள்ளதால், அவற்றை மாற்றி வெளியிட எமக்கு உரிமையில்லை.

மூத்த மாணவர்கள் முதலாம் ஆண்டு இரசாயனவியலுக்கும் புள்ளிவிபரவியலுக்கும் தமிழ் விளக்கக் குறிப்புகளை எழுதத் தொடங்கியுள்ளனர். பரீட்சைக் காலத்திலும் நேரம் ஒதுக்கிய அவர்களுக்கும், கணினியைத் தந்துதவிய ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவிக்கிறேன்.

இக்குறிப்புகள் அனைத்தையும், எழுதிய மாணவரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் படியெடுக்கவும் திருத்தவும் கூடிய திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவதென்றும், சரிபார்க்கும் பொறுப்பைத் துறைசார் விரிவுரையாளர்களிடம் வேண்டுவதென்றும், அச்சுச் செலவுக்கெனத் தனி நிதி ஒதுக்குவதென்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது. இத்தீர்மானத்தை இப்பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்