எங்கள் கணினிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, கோத்தகிரி

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் குடை பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மின்சாரம் போன நாட்கள் தவிர, சனிக்கிழமை வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. புது உறுப்பினர் சேர்க்கை சுமார்தான். காய்கறி விலைப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதில் நடந்த பெரிய தவறு என்னுடையது, நானே சொல்லிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றன்று என்ன விலை போகிறது என்று நம் விவசாயிகள் கைபேசியில் பார்க்க அந்தப் பக்கத்தைச் செய்தோம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தின் வலது மேல் மூலையில் விலைச் சீட்டு. பக்கத்தில் எது எங்கே, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில், சீட்டுக்கு 'பொசிஷன்: அப்சொல்யூட்' (சொன்ன இடத்தில் தனியாக நில்), 'டாப்' 0, 'ரைட்' 0 (மேலும் வலமும் இடைவெளி இல்லை) என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் ஓர் உறுப்பினர் போன் செய்தார்: "என்னங்க செயலாளரே, கேரட்டு பூண்டு விலைக்கா போகுது?"

எல்லாச் சீட்டுகளும் பக்கத்தின் உச்சி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. கடைசியில் எழுதிய பூண்டுச் சீட்டு மட்டும் முதல் படமான கேரட்டின்மேல் தெரிந்தது.

படம், சீட்டு என்று பக்கத்தில் இருக்கும் எல்லாமே சிஎஸ்எஸ்ஸுக்குப் பெட்டிகள்தான். அப்சொல்யூட் என்று எழுதிய பெட்டி, தன்னை அடக்கியிருக்கும் பெட்டிகளை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். ஸ்டாட்டிக் (நாம் எதுவும் எழுதாவிட்டால் இருப்பது) அல்லாத பொசிஷன் உள்ள முதல் பெட்டி எதுவோ, அதன் ஓரத்திலிருந்துதான் அளக்கும். அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால் பக்கத்தின் உச்சியிலிருந்தே அளந்துவிடும். படப்பெட்டிக்கு 'ரிலேட்டிவ்' என்று ஒரே வரி சேர்த்ததும் சீட்டுகள் அதனதன் படத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வெறும் ரிலேட்டிவால் படப்பெட்டி இம்மியும் நகராது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் தலைப்புப் பட்டை. பக்கத்தைத் தள்ளினாலும் அது மேலேயே நிற்க 'ஸ்டிக்கி' போட்டோம், நிற்கவில்லை. 'டாப்' அளவு கொடுக்க மறந்திருந்தோம். கொடுத்த பிறகும் ஓடியது. வெளிப்பெட்டியில் 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' (பெட்டிக்கு வெளியே வழிவதை மறைப்பது) இருந்ததால், பட்டை திரையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை போயிற்று. அந்த வரியை எழுதியவர் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார், பெயர் சொல்லப்போவதில்லை.

திரையின் அடியில் 'ஃபிக்ஸட்' ஆக, அசையாமல் நிற்கும் அழைப்புப் பொத்தான் பூண்டுப் படத்தை மறைத்தது. பக்கத்தின் கீழே கொஞ்சம் 'பேடிங்', அதாவது உள் இடைவெளி, விட்டதில் சரியாயிற்று.

படங்களை வரிசையாக அடுக்கவும் சிலர் அப்சொல்யூட்டையே விடாமல் பிடித்திருந்தார்கள். 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ்ஸில் பொசிஷனே கிடையாது. 1998இல் இரண்டாம் பதிப்போடு வந்தது. அடுக்குவதற்கென்றே உள்ள 'கிரிட்' 2017இலேயே முக்கியமான பிரவுசர்களில் வந்துவிட்டது. இன்னும் பிக்சல் அளந்து ஒவ்வொரு படமாக நிறுத்துவது வீண் வேலை. சின்னத் திரையில் பாதிப் படம் வெளியே போய்விடும். மூலைச் சீட்டுக்கு அப்சொல்யூட், வரிசைக்குக் கிரிட் என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

யூபிஎஸ் பேட்டரி மாற்றியாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இவண்,
செயலாளர்