டெய்சி ரிட்லியின் தோள்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உண்மை மனிதர்களின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ‘யங் வுமன் அண்ட் தி சீ’ படத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. வழக்கமான விளையாட்டுப் படம் என்று தள்ளிவிட்டார் கட்டுரையாளர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே நீந்துகிறவர்களுக்குப் படகில் துணை போகிறவர்கள் யாரும் அந்த வரியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படம் கெர்ட்ரூட் எடர்லியின் கதை. 1926 ஆகஸ்ட் 6 அன்று, 20 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண். பதினாலரை மணி நேரத்தில் கரையேறினார். அதுவரை ஆண்கள் வைத்திருந்த சாதனையைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. 2024 மே 31-ல் அமெரிக்காவில் சில திரையரங்குகளில் மட்டும் படம் வெளியானது. ஜூலையிலேயே ஓடிடிக்குப் போய்விட்டது. நம் ஊர்த் திரையரங்குப் பக்கம் பேச்சே எழவில்லை.

ட்ரூடியாக, அதாவது எடர்லியாக, நடித்த டெய்சி ரிட்லிதான் படத்தைத் தாங்குகிறார். கைகளை மாறி மாறி முன்னால் வீசி நீந்தும் கிரால் நீச்சலில் முகம் பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும். வசனம் பேச வழியில்லை. நடிக்க மிஞ்சுவது தோளும், மூச்சுக்குத் திரும்பும்போது தெரியும் பாதி முகமும்தான். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஷிவோன் மரி ஓ'கானரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் அவர் இந்த வேடத்துக்கு வந்தார். நிமிடத்துக்கு 60 வீச்சு என்று வைத்தால்கூட 14 மணி நேரத்தில் 50,000 வீச்சுக்கு மேல் போகிறது. அந்தக் கனம் அவர் தோளில் தெரிகிறது. எடர்லிக்கு முன் கால்வாயில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மார்பு நீச்சலை நம்பியவர்கள். கிரால் ஆளைச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும் என்பது அன்றைய பயிற்சியாளர்களின் முடிவு. முழுத் தூரத்தையும் அவர் கிராலிலேயே முடித்ததுதான் அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

உடம்பில் கொழுப்பு பூசும் காட்சியைக் கவனியுங்கள். அங்கே ஆகஸ்டிலும் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான்; குளிரையும் சொறியின் (ஜெல்லி மீன்) கடியையும் தாங்க உடம்பு முழுக்கப் பூச வேண்டும். நம் பாக் நீரிணையில் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே வாசலின் அக்குள், கழுத்து, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் மட்டும் போதும், உப்பும் துணியும் உரசி அறுப்பது அங்கேதான். பூசுகிற வேலை உதவியாளருடையது. நீந்துகிறவர் தானே பூசிக்கொண்டால் அந்தக் கை நீச்சல் கண்ணாடியில் படும், பிறகு கரை வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். எடர்லி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் மாதிரிக் கண்ணாடியை எடுத்து, தண்ணீர் புகாமல் ஓரத்தில் மெழுகு உருக்கி ஊற்றிக்கொண்டார்.

உடையும் அப்படித்தான். 1925-ல் முதல் முயற்சியின்போது அவருடைய நீச்சலுடை தண்ணீர் கோத்து, தொங்கி, தோலை அறுத்தது. மறுமுறை அக்கா மெக்குடன் சேர்ந்து இரண்டு துண்டாக, பட்டில், தாமே வடிவமைத்துக்கொண்டார். சின்னப்பாலத்திலும் பாரதி நகரிலும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சேலையோடு இறங்கி, விரல்களில் துணி சுற்றி, ரப்பர் செருப்புப் போட்டுப் பாறைக்குள் கை விடுகிறவர்கள் அவர்கள். நனைந்த துணி எவ்வளவு இழுக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சின்னப்பாலம் லட்சுமி 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீக்காலஜி விருது வாங்கினார். அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்க இங்கே ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது என் ஆதங்கம்.

சொறிக் கூட்டத்துக்குள் எடர்லி நீந்திப் போகும் காட்சி மிகை என்று சிலர் நினைக்கலாம். இல்லை. கூட்டமாக வந்தால் ஒதுங்கிப் போக வழி இருக்காது. படகில் இருப்பவர் முன்னாலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். கடித்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

கடைசியில் ஆழம் குறைந்த இடத்துக்குள் படகு வர முடியாமல் இருட்டில் அவர் தனியாகப் போகிறாரே, அங்கே தனுஷ்கோடி நுனியிலுள்ள அரிச்சல்முனை ஞாபகம் வரும். தீடைகளுக்கு (மணல் திட்டுகள்) நடுவே தண்ணீர் பாய்ந்து ஓடும் இடங்களில் விசைப்படகு கிட்டே போகாது. கூடவே வத்தை என்ற சிறு படகு ஒன்று வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் எதிர் நீவாடு (நீரோட்டம்) பிடித்துவிட்டால் கை வீசிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். வாநீவாடா சோநீவாடா, அதாவது ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நாள் குறித்தால் நல்ல நீச்சல்காரரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் தோற்பார். எடர்லிக்கும் 21 மைல் கால்வாய், அலையும் ஓட்டமும் இழுத்ததில், 35 மைலாக நீண்டது என்று கணக்கிட்டார்கள்.

குறைகளும் உண்டு. இரண்டு முயற்சிகளையும் படம் அடுத்தடுத்து நடந்தவை போலச் சுருக்கிவிட்டது. உண்மையில் நடுவில் ஓராண்டு. முதல் பயிற்சியாளர் ஜேபஸ் வுல்ஃபை வில்லனாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. 22 முறை முயன்றும் கால்வாயைக் கடக்க முடியாதவர் அவர். அந்த மனிதருக்குள் இருந்த கசப்பே போதுமான நாடகம். தட்டம்மை தாக்கிக் காது மங்கியதும், பின்னாளில் எடர்லி காது கேளாத குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததும் இன்னும் விரிவாக வந்திருக்க வேண்டும். 2022-ல் ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் வந்து சேர்ந்ததைக் கண்ட கரை இது. காது மங்கியதைப் பற்றிய அந்தப் பகுதிதான் இங்கே அதிகம் பேசும்.

2026 ஆகஸ்ட் 6-ஓடு எடர்லியின் நீச்சலுக்கு நூறாண்டு. அதையொட்டி உங்கள் இதழ் இந்தப் படத்துக்கு முழுக் கட்டுரை ஒதுக்க வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பள்ளிகளில் திரையிட முன்வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. படம் 129 நிமிடம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான நீச்சல் பருவத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். படகையோ ஆளையோ தொட்டால் நீச்சல் செல்லாது. 1925-ல் சுமார் 9 மணி நேரம் நீந்திய பிறகு வேறொருவர் தொட்டதால்தான் அவர் முயற்சி முடிந்தது. அதனால் சாப்பாடு கம்பு நுனியிலோ கயிற்றில் கட்டிய பாட்டிலிலோதான் வரும். ஆங்கிலக் கால்வாயில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும்; அதனால் யாரும் நேர்கோட்டில் போக முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்