நெஞ்செரிவைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் அம்மாவோடு பேசும்போது, சம்பலைக் குறைத்திருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நீ உன்னையே நொந்துகொண்டாய். ஏழாம் மாதத்தில் நெஞ்செரிவும் செமியாக்குணமும் வருவதற்கு நீ செய்த தவறு எதுவும் காரணம் அல்ல. பிள்ளை பிறந்ததும் போய்விடும், அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாய். போய்விடும் என்பது பெரும்பாலும் உண்மை. பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவை எவை, வீட்டு வைத்தியத்தை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை, மருந்துக்கடையில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருமகனும் இதை வாசிக்கட்டும்.

கர்ப்பகாலத்தில் பெருகுகிற புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன், பிள்ளை தங்குவதற்காகக் கருப்பையின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அதன் வேலை கருப்பையோடு நிற்பதில்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள வளையத் தசையையும் அது தளர்த்துவதால், அப்பாச்சியின் இடுப்பில் இருந்த சுருக்குப் பையின் நூல் நெகிழ்ந்ததைப் போல, அந்த வாய் சரியாக மூடிக்கொள்ளாமல் உள்ளே இருக்கும் அமிலம் மேலே ஏறிவிடுகிறது. இரைப்பையும் குடலும் மெதுவாக இயங்குவதால் உண்டது நெடுநேரம் தங்கி, வயிறு ஊதி, ஏப்பமும் குமட்டலும் வருகின்றன. போதாததற்கு, வளர்ந்துவிட்ட கருப்பை இரைப்பையைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், நான் கீழே எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் உனக்கே விளங்கும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறு வேளையாகப் பிரித்துக்கொள். ஒரு வேளைக்குத் தட்டில் போடுவது வழக்கத்தில் பாதியாக இருந்தால் போதும். பசி வந்தால் இரண்டு மணித்தியாலம் கழித்து மீதியைச் சாப்பிடலாம். தொலைக்காட்சிக்கு முன்னால் சோபாவில் சரிந்துகொண்டு சாப்பிடாமல், மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மென்று ஆறுதலாகச் சாப்பிடு. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்து நிறையக் குடிக்காமல் இடையிடையே குடி. கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும் என்பதால், தேங்காய் முதற்பால் விட்டு இறக்கிய கறி, பொரியல், ரோல்ஸ், கொத்து ரொட்டி ஆகியவை இப்போது உனக்கு ஒத்துவராது. இடியப்பத்துக்குத் தண்ணிப்பாலில் வைத்த சொதியும், உறைப்பில்லாமல் காய்ச்சிய பருப்பும், அவித்த மரக்கறியும் இரவுக்குப் போதும். கோப்பியும் தேநீரும் நெஞ்செரிவைக் கூட்டுவதோடு, கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கூடாது என்றே நீ இருக்கும் பிரித்தானியாவில் சொல்கிறார்கள். உடனடிக் கோப்பி ஒரு குவளையில் ஏறக்குறைய 100 மில்லிகிராமும், தேநீர் ஒரு குவளையில் 75 மில்லிகிராமும் இருக்கும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்.

ஆனால் விட வேண்டியவை என்று யார் பட்டியல் தந்தாலும், அதில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடாதே. ஒருத்திக்குத் தக்காளி எரிக்கும், இன்னொருத்திக்குப் பழப்புளி எரிக்கும், வேறொருத்திக்கு இரண்டும் ஒன்றும் செய்யாது. எரிவு வந்த இரவுகளில் அன்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வா. உனக்கு ஒத்துக்கொள்ளாதவை எவை என்பது கொஞ்ச நாளில் தெளிந்துவிடும், அவற்றை மட்டும் விடு. நெஞ்செரிவுக்குப் பயந்து பாணும் தேநீருமாக வயிற்றை வாடவிடுகிற கர்ப்பிணிகளைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். படுப்பதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடு. மருமகன் வேலையால் வரும்வரை காத்திருந்து பத்து மணிக்குச் சாப்பிடுவதை இந்த மாதங்களில் விட்டுவிடு, அவர் அதைத் தவறாக எண்ணமாட்டார். தலைக்குக் கீழே தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடிந்து அமுக்கம் கூடுமே தவிரக் குறையாது. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் கீழே உறுதியான மரக்கட்டைகளை வைத்து, அந்தப் பக்கத்தை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உயர்த்தச் சொல். கட்டிலை அசைத்துப் பார்த்து, கட்டை வழுக்காது என்று தெரிந்த பிறகே நீ ஏறிப் படுக்க வேண்டும். அது முடியாவிட்டால், இடுப்பிலிருந்து தலைவரை சரிவாகத் தாங்குகிற ஆப்பு வடிவத் தலையணை ஒன்றை வாங்குங்கள். இடது பக்கம் சரிந்து படு. அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே அமைவதால் அமிலம் மேலேறுவது குறையும். இடுப்பை இறுக்கும் உடுப்பு எதையும் இரவில் அணியாதே.

அடுத்தது அம்மா கட்டுகிற பொதி. உனக்குச் செமிபாட்டுக்கு என்று சந்தையிலிருந்து வாங்கி, துடைத்து, காயவைத்து அம்மா எடுத்து வைத்தவற்றில் சிலவற்றை நான் வெளியே எடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தந்தான். அதிமதுரத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் உள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, உடலில் பொற்றாசியத்தைக் குறைக்கக்கூடியது. தாயின் உடலில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனிலிருந்து பிள்ளையைக் காக்கும் நொதியம் ஒன்று நச்சுக்கொடியில் இருக்கிறது, அதன் வேலையையும் அது தடுக்கும். எப்போதாவது ஓர் இனிப்பில் கொஞ்சம் சேர்ந்திருந்தால் பயப்படத் தேவையில்லை, வேரை அவித்துக் குடிப்பதுதான் கூடாது. ஓமம் முறுக்கில் ஒரு சிட்டிகை விழுந்தால் பாதகமில்லை. ஓமத் தண்ணீர் என்று நாள்தோறும் காய்ச்சிக் குடிப்பது பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டாம். சரக்குத் தூளையும் எடுத்துவிட்டேன், அது பிள்ளை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளும் விடயம். பழுத்த பப்பாசியை நீ தாராளமாகச் சாப்பிடலாம், காய்ப் பப்பாசியும் செங்காயும் பால் உள்ளவை என்பதால் அவற்றைத் தொடாதே. வீட்டுச் சரக்கு என்பதற்காகவே அது தீங்கில்லாதது என்று எண்ணுவதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

பொதியில் விட்டு வைத்தவை சீரகமும் மல்லியும் வேர்க்கொம்பும். சீரகத்தை இலேசாக வறுத்து இடித்து, கொழுப்பு நீக்கிய யோகட்டில் நீராகக் கரைத்த மோரில் போட்டுக் குடி. மல்லியை அவித்து இளஞ்சூட்டில் குடிப்பதும் வயிற்றுக்கு ஆறுதலாக இருக்கும். குமட்டல் இருக்கும்போது, விரல்நுனி அளவு பச்சை இஞ்சியைத் தட்டி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் குடி, தணியும். உணவில் சேர்க்கிற அளவில் இஞ்சி கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. அளவு கூடினால் அதுவே நெஞ்சை எரிக்கும்.

இவ்வளவும் செய்தும் எரிவு தணியாவிட்டால், கர்ப்பமாக இருப்பதால் மருந்தே கூடாது என்று நினைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்காதே. அங்குள்ள பாமசியில் கர்ப்பிணி என்று சொல்லிக் கேட்டால், கல்சியமும் மகனீசியமும் கலந்த அமில நீக்கிக் குளிசையோ, கவிஸ்கோன் போன்ற அல்ஜினேற்று மருந்தோ தருவார்கள். அல்ஜினேற்று இரைப்பையில் உள்ளவற்றின் மேல் நுரைப்படலமாக மிதந்து, அமிலம் மேலேறுவதைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும்போதும் எடுப்பதுதான் முறை. அதில் சோடியம் இருப்பதால், உன் இரத்த அழுத்தம் கூடியிருந்தால் முதலில் மருத்துவிச்சியிடம் கேள். கேட்காமலே விட வேண்டியது ஈனோவும் அப்பச்சோடாவும். ஈனோப் பொட்டலம் ஒன்றில் ஏறக்குறைய பாதி சோடியம் இருகாபனேற்று. பெரிய ஏப்பம் ஒன்று வந்து ஆறுதல் தருமென்றாலும், அவ்வளவு சோடியம் உடலில் நீரைத் தேக்கும், இரத்தத்தின் காரத்தன்மையையும் குலைக்கலாம். அமில நீக்கிகள் போதாவிட்டால் அமிலச் சுரப்பையே குறைக்கிற ஒமெப்பிரசோல் போன்ற மருந்துகள் உண்டு, அவற்றை வைத்தியர்தான் தர வேண்டும்.

உன் இரும்புச்சத்துக் குளிசையை நெஞ்செரிவுக்காக நிறுத்திவிடாதே. அமில நீக்கியை அதனோடு சேர்த்து எடுத்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் இருக்கட்டும். இங்கே தாய்மார் கிளினிக்குகளில் இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக எடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். குளிசையே வயிற்றைப் புரட்டுகிறது என்றால் வேறு வகை உண்டு, மாற்றித் தரச் சொல்.

இனி நான் எழுதுவதை இரண்டு தடவை வாசி. விலா எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் வலது பக்கமாக, கடுமையான வலி வந்தால் அதை நெஞ்செரிவு என்று எடுத்துக்கொள்ளாதே. அதோடு விடாத தலையிடி, கண்ணில் பொறி பறப்பது அல்லது பார்வை மங்குவது, முகமும் கையும் காலும் திடீரென வீங்குவது, சத்தி ஆகியவற்றில் எது சேர்ந்தாலும், அது கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு வரக்கூடிய, இரத்த அழுத்தம் ஆபத்தாகக் கூடுகிற முன்சூல்வலிப்பு என்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம். குளிசை போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்காமல், எந்த நேரமானாலும் உன் மகப்பேற்றுப் பிரிவுக்கு உடனே தொலைபேசி எடு. இரத்தமாகவோ கோப்பித் தூள் போலவோ சத்தி எடுத்தாலும், விழுங்குவது கடினமானாலும், உடல் நிறை குறைந்தாலும் தாமதிக்காதே. இரும்புக் குளிசையால் மலம் கறுப்பது வழக்கம். தார் போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனால் அது வேறு, உடனே சொல்.

மருமகனுக்கும் வயிற்றெரிவு இருக்கிறதே, முதுகுவலிக்காக அவர் வெறுவயிற்றில் போடுகிற இபுபுரூபன்தான் அதற்குக் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். அதை வைத்தியரிடம் சொல்லச் சொல். நீ அதைத் தொடவே கூடாது. நெஞ்சில் அமுக்கமாக வலி வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால், வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 999க்கு எடுக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி வை. கொழும்பில் வாய்வு என்று வீட்டில் இருந்து, நேரம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நீ எடுக்கிற எல்லாக் குளிசைப் பெட்டிகளையும் கையில் கொண்டுபோய் மருத்துவிச்சியிடம் காட்டு. இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைக் கேட்டு, அவர் எந்த அமில நீக்கியைச் சொன்னார் என்பதோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா