நம்ம தோட்டம் கோழி குழுவுக்கு கைகொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாவே உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு மனசுல இருந்துச்சு, நேர்ல சொல்ல வந்தா ஆளாளுக்கு "அட இதுக்கெல்லாம் எதுக்கு"ன்னு பேச்சை மாத்திடறீங்க, அதான் எழுதிட்டேன்.

மொதல்ல நம்ம கோழி அக்காவுக்கு. மொத வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி கிட்ட சூடு வேணும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு டிகிரியா குறைக்கணும்னு சொன்னதோட விடல, தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு குஞ்சுங்களையே பாத்து கண்டுபிடிக்கவும் காட்டிக் கொடுத்தாங்க. பல்புக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு கத்துனா குளிருதுன்னு அர்த்தம், ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்குனா சூடு ஜாஸ்தி, பரவலா படுத்து தூங்குனா சரியா இருக்கு. முட்டை அடை வச்சு 21 நாள் ஆச்சு இன்னும் பொரியலையேன்னு ராத்திரி பதறிப்போய் போன் பண்ணவங்க கிட்ட கூட "பொறு கண்ணு, நீயா ஓட்டை உரிச்சு விடாதே"ன்னு பொறுமையா பேசுவாங்க, அந்த ஒரு வார்த்தையில எத்தனை குஞ்சு பொழைச்சிருக்கும்!

ஐஸ் பெட்டியோட வீடு வீடா வந்த தம்பிங்களுக்கு தனியா ஒரு நன்றி. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராம தடுக்கற சொட்டு மருந்து சூடு பட்டா வேலை செய்யாது, கலக்கிட்டா உடனே போட்டு முடிச்சிடணும், அஞ்சாறு கோழி வச்சிருக்கறவங்க தனியா ஒரு குப்பி வாங்குனா முக்காவாசி வீணாத்தான் போகும். எல்லார் கோழிக்கும் ஒரே நாள்ல போட்டது உங்களாலதான் முடிஞ்சுது. என்னைக் கேட்டா குழு செஞ்சதுலயே பெரிய விஷயம் இதுதான்.

எரு ஐயாவுக்கும் சொல்லியே ஆகணும். பச்சை கோழி எச்சத்தை அப்படியே செடிக்கு போட்டா வேர் கருகிடும்னு சொல்லி, காஞ்ச சருகோட மாத்தி மாத்தி அடுக்கி, தண்ணி தெளிச்சு, குவியலுக்குள்ள கையை விட்டுப் பாக்கச் சொன்னாரு, அந்த சூடு இன்னும் கையிலயே இருக்கு. அது ஆறி, நாத்தம் போயி, மண்வாசனை வந்தப்புறம்தான் பாத்திக்கு போகணும்னு கறாரா நின்னாரு. அதனாலதான் இந்த தடவை கத்தரி தளதளன்னு வந்திருக்கு.

கூட்டத்துக்கு திண்ணை குடுத்தவங்க, கேள்வியெல்லாம் நோட்ல எழுதி வச்ச பொண்ணுங்க, உங்களையும் மறக்கல.

பூசணி விதை காஞ்சு தயாரா இருக்கு, வேணும்கிறவங்க அடுத்த கூட்டத்துல வாங்கிக்கோங்க, மொத பங்கு ஐயாவுக்கும் அக்காவுக்கும் எடுத்து வச்சாச்சு.