பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டலாமா: அப்பாவுக்கு ஒரு கடிதம்

கிர்ஷைம் உன்டர் டெக்,
ஜெர்மனி.
பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். தம்பியிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார் விஷயத்தைத் தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே வாக்குவாதமாகிவிடுகிறது. “பழைய கார், அதிலும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், தினமும் வேலைக்குப் போக எதற்கு?” என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதால், அதற்கு நிதானமாக எழுதியே பதில் சொல்கிறேன். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசைக்காக மட்டும் வாங்கப் போகிறேன் என்று நீங்கள் முடிவு கட்டுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில், கார் தேவையா என்பது. ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போகிறவளாக இருந்தால் தேவையே இல்லை. ரயில் வாசலிலேயே கிடைக்கிறது. மாதச் சீட்டு ஒன்று எடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போய்வரலாம். என் வேலை இடமோ நியூர்டிங்கனைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. காலை 6 மணி ஷிஃப்டுக்கு இரண்டு ரயில் மாறிப் பேருந்தைப் பிடிப்பது, அதுவும் குளிர்காலத்தில், எனக்கு அலுத்துவிட்டது. காரில் போனால் 12 கிலோமீட்டர்தான். இந்தியாவில் எடுத்த உரிமம் இங்கே குடியேறிய பின் 6 மாதம் வரைதான் செல்லும் என்பதால், எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் புதிதாக எழுதி முடித்துவிட்டதும் உங்களுக்குத் தெரியும்.

நான் முதலில் பார்த்தது போர்ஷே பாக்ஸ்டர். 1996இல் வெளிவந்த முதல் தலைமுறைக் கார், இப்போது இங்கே ஒரு புதிய சிறிய ஹாட்ச்பேக்கின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. மனம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். போர்ஷே என்ற பெயர், ஆறு சிலிண்டர், மடக்கும் கூரை, எல்லாம் ஒரு சாதாரணக் காரின் விலையில்! ஆனால் வாங்கும் விலைதான் 20 ஆண்டில் இறங்கியிருக்கிறதே தவிர, ஸ்பேர் விலையும் கூலியும் போர்ஷே விலையிலேயே நிற்கின்றன. இன்னொரு சங்கதி உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். முன்னால் திறந்தாலும் பின்னால் திறந்தாலும் சாமான் வைக்கும் இடம்தான் இருக்கிறது. இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நம் கைக்கு எட்டுவது ஆயில் ஊற்றும் வாயும் தண்ணீர் ஊற்றும் வாயும் மட்டுமே. போனட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டே வியாதியைச் சொல்லும் நீங்கள் இந்தக் காரின் முன்னால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இவற்றில் பல கார்கள் போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் செய்யப்பட்டவைகூட இல்லை. பின்லாந்தில் ஊசிகவுபுங்கி என்ற ஊரில் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டவை. சாசி எண்ணின் பதினோராவது எழுத்தைப் பார்த்தால் எந்த ஊர்க் கார் என்பது தெரிந்துவிடும்.

அந்த இன்ஜினின் பேர்போன பலவீனத்தை உங்களுக்கு விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் முடிவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. கிராங்க் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி, கேம் ஷாஃப்டுகளை ஓட்டும் செயின்களுக்குக் கொடுக்க, இன்ஜினின் அடியில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. கிளட்ச் பக்கத்து முனையை ஒரு மூடிய பால் பேரிங் தாங்குகிறது. நாளாவட்டத்தில் அதன் சீல் தளர்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸை இன்ஜின் ஆயில் கழுவிவிட்டால், பேரிங் தேய்ந்து உடையும். உடைந்தால் செயினின் நேரம் தப்பி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜினின் கதை முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டி இரட்டை வரிசைப் பேரிங்குக்குப் பதிலாக ஒற்றை வரிசைப் பேரிங் வந்தது. அதிகம் உடைந்தது அந்த ஒற்றை வரிசைதான். 2009 மாடலில் இடைத்தண்டே இல்லாத புதிய இன்ஜினை வைத்தார்கள். எல்லாக் காருக்கும் இது நேர்வதில்லை என்பதையும், கிளட்ச் மாற்றுவதற்காக கியர்பாக்ஸை இறக்கும்போது பேரிங்கையும் சேர்த்து மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபில்டரைப் பிரித்து உலோகத் துகள் தெரிகிறதா என்று பார்க்கும் உங்கள் பழக்கம் இங்கேயும் உண்டு.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியைவிட ஓடும் வண்டிதான் நன்றாக இருக்கும் என்பீர்கள். இந்தக் காரைப் பற்றி இங்குள்ள மெக்கானிக்குகளும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஓட்டம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? பாக்ஸ்டரின் இன்ஜினுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் வேண்டும். பனி உறையும் காலையில் 12 கிலோமீட்டர் போவதற்குள் தண்ணீர் சூடாகிவிடும்; அவ்வளவு ஆயிலும் சூடாகாது. மாலையில் மீண்டும் அதே கதை. இப்படி மாதக்கணக்கில் அரைச்சூட்டிலேயே ஓடும் இன்ஜினில் ஈரமும் பெட்ரோலும் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது நல்ல கார். எனக்கு அல்ல. அதனால் அதை விட்டுவிட்டேன்.

இப்போது பேச்சில் இருப்பது மாஸ்டா எம்.எக்ஸ்.-5, மூன்றாம் தலைமுறை. முதல் தலைமுறை 1989இல் வந்தது. 2016இல் பத்து லட்சமாவது காரைச் செய்தார்கள். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் இதைவிட அதிகம் விற்றது வேறு இல்லை என்பதால், பழைய ஸ்பேர் முதல் புதிய ஸ்பேர் வரை எல்லாமே எளிதாகக் கிடைக்கிறது. நான் பார்த்தது 2.0 லிட்டர், 160 குதிரைத்திறன், ஆறு கியர். எடை 1,100 கிலோ அளவில்தான். அமைப்பு நீங்கள் பாதி வாழ்நாளைக் கழித்த அம்பாசடரின் அமைப்பேதான்: முன்னால் இன்ஜின், நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் டிஃபரன்ஷியல். நாலு சிலிண்டர், டைமிங் செயின், பாக்ஸ்டருக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி ஆயில். போனட்டைத் திறந்தால் இன்ஜின் கண்ணுக்குத் தெரிகிறது, கையும் போகிறது.

விற்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2008இல் பதிவான கார். 9,000 யூரோ சொல்கிறார். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓட்டுவதற்கான பருவ எண் பலகையில் அதை வைத்திருக்கிறார். அப்படி ஒரு வசதி இந்த நாட்டில் உண்டு. மாதங்கள் பலகையிலேயே அச்சாகியிருக்கும், அந்த மாதங்களுக்கு மட்டும் வரியும் காப்பீடும் கட்டினால் போதும், மற்ற மாதங்களில் வண்டி தெருவில் நிற்கவே கூடாது. ஆகவே இந்தக் கார் பிறந்ததிலிருந்து ஒரு குளிர்காலத்தையும் கண்டதில்லை. அதை நான் முதன்முறையாகப் பனியிலும் உப்பிலும் இறக்கப் போகிறேன். எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான், வேகமோ செலவோ அல்ல.

உப்பைப் பற்றி நம் ஊரில் இருந்துகொண்டு புரிந்துகொள்வது கடினம். பனி உறைந்து சாலை வழுக்காமல் இருக்க, நவம்பரிலிருந்து மார்ச் வரை நகராட்சி வண்டிகள் இரவிலேயே உப்பைத் தூவிவிட்டுப் போகின்றன. உருகிய பனியும் உப்பும் சேர்ந்து காரின் அடிவயிறு முழுவதும் அப்பிக்கொள்கிறது. எம்.எக்ஸ்.-5க்கு ஏற்கெனவே ஒரு குணம் உண்டு: கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் வடிகுழாய்கள் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியில் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே துரு பிடித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் குமிழியிடுவதைப் பார்க்கும்போது உள்ளே தகடு போயிருக்கும். உள்ளிருந்து தண்ணீர், வெளியிலிருந்து உப்பு என்று இரண்டும் சேர்ந்தால் அது எத்தனை குளிர்காலம் தாங்கும்? அதனால் வாங்கிய உடனே, முதல் பனிக்குக் காத்திராமல், அடிப்பகுதிக்கும் உள்குழிகளுக்கும் மெழுகு அடிக்கக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். அதற்கான கூலியையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு வழி சொன்னார்: இதைக் கோடைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கென்று ஆயிரம் யூரோவில் ஓர் ஓட்டைக் காரை வாங்கிக்கொள் என்று. இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு காப்பீடு, இரண்டு இடத்தில் நிறுத்த வாடகை, இரண்டு சர்வீஸ். தவிர, ஆயிரம் யூரோ கார் என்பது ஜனவரி மாதக் காலை ஐந்தரை மணிக்கு ஸ்டார்ட் ஆகாது என்பதற்குப் பட்டறையில் வளர்ந்த எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

செலவுக் கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். 2009 ஜூலைக்கு முன் பதிவான பெட்ரோல் காருக்கு இங்கே கொள்ளளவை வைத்து வரி. இந்த வகைக்கு 100 சி.சி.க்கு 6.75 யூரோ. ஆகவே மாஸ்டாவுக்கு ஆண்டுக்கு 135 யூரோ, 2.7 லிட்டர் பாக்ஸ்டருக்கு 182 யூரோ. நான் பயந்த அளவுக்கு இல்லை. கடிப்பது காப்பீடுதான். விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குத் தக்கபடி கட்டணம் குறைந்துகொண்டே வரும் முறை இது. கோயம்புத்தூரில் நான் ஓட்டிய ஆண்டுகளைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளவில்லை, புது ஓட்டுநராகவே தொடங்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் அளவில் ஆகும். மலைச்சிகரமும் பனிச்செதிலும் வரைந்த முத்திரை உள்ள டயர்களைத்தான் 2024 அக்டோபரிலிருந்து குளிர்கால டயராக ஏற்கிறார்கள். ஆசிரியரிடம் கோடை டயர் மட்டுமே இருப்பதால், 205/50 ஆர்16 அளவில் ஒரு செட்டை ரிம்மோடு வாங்க வேண்டும். பின்சக்கர ஓட்டம், எடையும் குறைவு. பனியில் பின்பக்கம் வழுக்கத்தான் செய்யும். அதற்கு நல்ல டயரும் மெதுவாகப் போவதும்தான் மருந்து.

ஜெர்மனி என்றதும் எல்லையில்லாத வேகம் என்று நினைத்து அம்மா பயப்பட வேண்டாம். பல நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு இல்லை என்பது உண்மைதான். 130 என்பது 1978 முதல் பரிந்துரையாகவே இருக்கிறது. ஆனால் என் வழியில் நெடுஞ்சாலையே கிடையாது. ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 100, நடுவில் டிராக்டர். இந்தக் காரில் எனக்குக் கிடைக்கப்போவது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் லென்னிங்கன் பள்ளத்தாக்கு வழியாக ஸ்வாபியன் ஆல்ப் மலைமேல் ஏறும் வளைவுச் சாலை இருக்கிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் எனக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்ததை அங்கே 60 கிலோமீட்டர் வேகத்திலேயே முழுதாக அனுபவிக்கலாம். அதிக வேகம் போனால்தான் சுவைக்கும் கார், தினசரி ஓட்டத்துக்குத் தண்டம், இது அப்படியில்லை.

இரண்டு இருக்கை என்பது குறைதான், மறுக்கவில்லை. சாமான் இடம் 150 லிட்டர். ஸ்டுட்கார்ட்டில் உள்ள ஈழத் தமிழர் கடையிலிருந்து ஓர் அரிசி மூட்டையும் ஒரு வாரக் காய்கறியும் கொண்டுவரலாம், அதற்கு மேல் பக்கத்து இருக்கைதான். நீங்களும் அம்மாவும் இங்கே வரும்போது ஐந்து இருக்கைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுவேன். ஆண்டில் மூன்று வாரத் தேவைக்காக மீதி நாளெல்லாம் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு திரிவதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

தனியாரிடம் வாங்குவதால் பின்னால் பழுது வந்தால் கேட்க நாதியில்லை. வியாபாரியிடம் வாங்கினால் குறைந்தது ஓர் ஆண்டு அவர் பொறுப்பு, ஆனால் அதே கார் அங்கே கூடுதல் விலை. நம் ஊரில் எஃப்.சி. எடுப்பதுபோல் இங்கே புதுக் காருக்கு முதல் முறை மூன்று ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை உண்டு. இந்தக் கார் சென்ற கோடையில்தான் குறையில்லாமல் தேறியிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சோதனை வண்டி பாதுகாப்பாக ஓடுமா என்பதைப் பார்க்குமே ஒழிய, வாங்கத் தகுந்ததா என்பதைச் சொல்லாது. ஆகவே வருகிற சனிக்கிழமை, பணம் கட்டி, தனியாக ஒரு சோதனை நிலையத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன், ஆசிரியரும் சம்மதித்துவிட்டார். 2013 ஜூலையில் இந்த வட்டாரத்தில், ராய்ட்லிங்கன் பக்கம், பெரிய ஆலங்கட்டி மழை பெய்து ஏராளமான கார்கள் நசுங்கின. அப்போது இந்தக் கார் எங்கே நின்றது என்று கேட்டதற்கு, ஷெட்டில் என்றார். நல்ல மனிதர்தான்; இருந்தாலும் போனட்டிலும் டிக்கியிலும் பட்டி வைத்திருக்கிறார்களா என்று பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கதவுக்குக் கீழே உள்ளிருந்து துரு தொடங்கியிருந்தால், விலையைக் குறைத்தாலும் வாங்க மாட்டேன். அது சுத்தமாக இருந்து, மற்றது எதுவானாலும் பேரம் பேசி வாங்கிவிடுவேன்.

சோதனை இங்கே காலை 10 மணிக்கு, உங்களுக்குப் பிற்பகல் 2:30. கார் லிஃப்டில் ஏறியதும் வீடியோவில் கூப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டறையிலேயே இருங்கள். ஒரு விஷயத்தில் உங்கள் தீர்ப்பு வேண்டும். அடிப்பகுதியில் கம்பெனி அடித்த பழைய பூச்சு சில இடங்களில் வெடித்திருப்பதாக ஆசிரியரே சொல்கிறார். அதை முழுவதும் சுரண்டிவிட்டு மெழுகு அடிக்கச் சொல்வதா, அல்லது தளர்ந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே அடிக்கச் சொல்வதா? முதலாவதற்குக் கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் ஆசிரியரிடம் விலை பேசும்போது அதையும் வைத்துப் பேசிவிடுவேன்.

உங்கள் மகள்,
செல்வி